எறியாத சாவி

கட்டர் என்னிடமிருந்து பதினோரு தூண் தள்ளி இருந்தது.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சத்தம். பிறகு பூட்டு சாக்கில் விழும் சத்தம். நான் குனிந்தபடி சங்கிலியைப் புரட்டிக்கொண்டே போனேன்.

சீனாவின் ஹுவா மலையில் இந்தப் பாதையின் இரண்டு பக்கமும் சங்கிலி உண்டு. சங்கிலியே தெரியாத அளவுக்குப் பூட்டுகளும் சிவப்புத் துணிகளும். ஜோடியாக வருகிறவர்கள் பெயர் பொறித்த பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியைப் பள்ளத்தில் எறிவார்கள். இனி யாரும் பிரிக்க முடியாது.

பாரம் கூடித் தூண்கள் சாய ஆரம்பித்ததால், பழைய பூட்டுகளை இந்த வாரம் வெட்டி எடுக்கிறார்கள். ரோப்கார் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்று கடைசி நாள்.

எங்களுடையது இந்தச் சரத்தில்தான் எங்கோ இருந்தது. அதை வெட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். திறந்து எடுக்க வேண்டும். என்னிடம் சாவி இருந்தது.

மற்ற பூட்டுகளில் எல்லாம் சீன எழுத்து. எங்களுடையதில் மட்டும் தமிழ். சுகிர்தா, எழிலன். அவள் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பொறித்த கடைக்காரி அலுத்துக்கொண்டாள். “என்ன எழுத்தும்மா இது, நூடுல்ஸைக் கொட்டி வெச்ச மாதிரி!” சுகிர்தா ரொம்ப நேரம் சிரித்தாள்.

எட்டுத் தூண்.

“தம்பி, தள்ளி நில்லு. சில்லு கண்ணுல தெறிக்கும்” என்றார் வெட்டுகிறவர். ஆரஞ்சு அங்கியில் மா என்று பெயர் தைத்திருந்தது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு.

“ஒரு பூட்டைத் தேடுறேண்ணே. கொஞ்சம் மெதுவா வாங்க.”

“வர்றவன் எல்லாம் இதத்தான் சொல்றான். பனி ஏறுது பாரு. அதுக்குள்ள முடிச்சாகணும்.”

“என்கிட்ட சாவி இருக்கு.”

கட்டர் நின்றது.

“சாவியா? இருவது வருசமா இந்த மலையில கெடக்கேன். சாவியோட வந்த மொத ஆளு நீதான். அன்னைக்கு எறியலையா? பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் குலுங்கிச் சிரித்தார். மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

பூட்டு மாட்டிய அன்று எங்கள் இரண்டாவது திருமண நாள். ஷியானில் வேலைக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஓர் ஊர் என்பது சுகிர்தாவின் ஏற்பாடு. தீபாவளிக்கு செங்டு. பொங்கலுக்கு ஹார்பின். மைனஸ் இருபத்தைந்து டிகிரி. விடுதி அறையில் ரைஸ் குக்கரில் பொங்க வைத்து, என்ன வாசனை என்று கதவைத் தட்டிய பணிப்பெண்ணுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

திருமண நாளுக்கு இந்த மலை.

அன்றும் இதே போலக் காற்று. பூட்டியது அவள்தான். குனிந்தவள் நிமிராமலே கேட்டாள். “டக்குனு சத்தம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்போ எறி.”

கையை ஓங்கி வீசினேன். பளபளவென்று போய் விழுந்தது, வெள்ளித்தாள் சுற்றிய ஓர் இருமல் மிட்டாய். அவள் கைதட்டினாள்.

சாவி என் கையுறைக்குள் இருந்தது. கைபேசியில் சென்னைக்கு ஒரு டிக்கெட் இருந்தது. போவதற்கு மட்டும். ஒருவருக்கு மட்டும்.

மலை இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யவும் இல்லை. தேதி தானாகக் கடந்துபோனது.

ஐந்து மாதம் கழித்து, காய்கறி வாங்க மின்ஸ்கூட்டரில் போன சுகிர்தாவை ஒரு லாரி அடித்தது. அவள் வீடு திரும்பவே இல்லை.

மூன்று தூண்.

கையுறையைக் கழற்றிவிட்டேன். இரும்பு விரலைக் கடித்தது. ஒரு சிவப்புத் துணியை விலக்கினேன். அடியில் ஒரு கொத்துப் பூட்டு. அதற்கும் அடியில் ஒரு சுழி. ழி.

“இருங்க! அண்ணே, இருங்க!”

கட்டரின் வாய் பக்கத்துப் பூட்டைக் கவ்வியபடி நின்றது.

“சீக்கிரம்” என்றார் மா.

சாவியை நுழைத்தேன். திரும்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலமாகத் திருப்பினேன். பூட்டே சுழன்று, சங்கிலியிலிருந்து கழன்று, என் கையோடு வந்துவிட்டது.

“ஒடச்சுட்டியா?”

மா அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“ஒடையல தம்பி. இது பூட்டவே இல்ல. கொக்கியோட முனையப் பாரு, எவ்வளவு துரு. அமுக்கிப் பூட்டியிருந்தா முனை உள்ள போயிருக்கும். மழை பட்டிருக்காது. சும்மா மாட்டி வெச்சுட்டுப் போயிருக்கீங்க.” பூட்டை என் உள்ளங்கையில் வைத்தார். “இதுக்கு எதுக்குய்யா சாவி?”

அவர் என்னைத் தாண்டிப் போனார். வெட்டும் சத்தமும் சாக்கில் விழும் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயின.

சத்தம் வந்ததா என்று அவள் கேட்டபோது நான் காது கொடுக்கவில்லை. அவள் நிமிரவில்லை. முகத்தையும் நான் பார்க்கவில்லை.

கொக்கியைக் கட்டைவிரலால் அமுக்கினேன். இறங்கவில்லை.

பூட்டைக் காதருகே கொண்டுபோய், இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன்.