விளக்கைப் போட்ட பிறகு

ஆவணப்படம் முடிந்து அரங்கில் விளக்கைப் போடுகிறார்கள். ஆலைத் தீயில் மகனைப் பறிகொடுத்த தாய் அவனுடைய கருகிய செருப்பை மடியில் வைத்து அழுததுதான் கடைசிக் காட்சி. யாரும் கை தட்டவில்லை. “நாட்டோட மானத்தைக் கப்பலேத்திட்டானுங்க. வெளிநாட்டுக்காரன் பாத்தா என்ன நினைப்பான்?” என்று முன்வரிசையில் ஒருவர் கத்த, பலர் ஆமாம் போடுகிறார்கள். அந்தத் தாய் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் காட்டலாம் என்று செருப்பைப் பையில் கொண்டுவந்திருக்கிறாள். பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே, அவள் முகத்தைச் சரியாகப் பார்க்காமல், “அந்தம்மா என்னமா நடிக்குது! காசு குடுத்து அழ வெச்சிருக்கானுங்க. நீங்களே சொல்லுங்கக்கா,” என்கிறார். அவள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். “கொஞ்சம் வழி விடுங்க தம்பி.” அவர் மரியாதையாகக் கால்களை மடக்கிக்கொள்கிறார். “பாத்துப் போங்கக்கா, கீழ படி இருக்கு.”