பெயரட்டை இல்லாத நாற்காலி

மேசையின் தலைப்பக்கத்தில் அதிபர், வலப்புறம் தளபதி, இடப்புறம் வெளியுறவுச் செயலர் தணிகாசலம். அதிபரின் முதுகுக்குப் பின்னால், பெயரட்டை இல்லாத நாற்காலியில் பீரங்கி வியாபாரி. அண்டை நாடு சமாதானம் பேசக் கூப்பிட்டிருந்தது.

"இருக்கிற குண்டு ஒரு வாரம்கூடத் தாங்காது, பேசிடலாம்," என்றார் தளபதி.

அதிபர் பின்னால் திரும்பினார்.

"இப்பப் போய்ப் பேசினா பயந்துட்டோம்னு சிரிப்பான்," என்றார் வியாபாரி. "குண்டுக்குத்தான் நான் இருக்கேனே."

"வர முடியாதுன்னு எழுதிடுங்க, தணிகாசலம்," என்றார் அதிபர்.

எல்லையில் காவல் நிற்கும் ஒரே மகனை நினைத்தபடியே தணிகாசலம் எழுதி முடித்தார். அரக்கு உருக்க வியாபாரி தன் லைட்டரை நீட்டினார்.

"தம்பி எல்லையிலதானே இருக்காப்ல? கவலைப்படாதீங்க சார், முதல் லோடு அங்கதான் போகுது."

"ரொம்ப நன்றிங்க," என்று சொல்லி, தணிகாசலம் முத்திரையை அழுத்திக் கடிதத்தை அனுப்பிவைத்தார்.