தடமில்லாத பனி

"ஆபரேஷன் பண்ணின முழங்காலை வெச்சுக்கிட்டு விடியுறதுக்கு முன்னாடியே பனியில ஓடப் போறியா? எட்டு மணிக்குக் கிளம்பு. வெயில் ஏறி பனி கொஞ்சம் இளகட்டும்."

சூப்பில் ரொட்டியை நனைத்தபடி கணவன் அர்மானிடம் மார்த்தீன் சொன்னாள்.

ஜூன் பிறந்தும் ஆல்ப்ஸ் கணவாயில் பனி கரையவில்லை. நாளை அதற்கு அப்பாலுள்ள மலைவிடுதி திறக்கிறது. முதலில் கணவாயை ஓடிக் கடந்து வருபவரின் பெயரைக் கதவில் எழுதுவார்கள். கோடை முழுக்க அவருக்குப் புளூபெர்ரி கேக் இலவசம். பதினோரு வருடமாக அர்மானின் பெயர்தான்.

"அதுக்குள்ள வேற எவனாவது முந்திட்டா?"

"முந்தட்டுமே! பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்திருப்பியா?"

அர்மான் பேச்சை மாற்றினான். "பனியில வழுக்காம இருக்க ஷூவுல மாட்டுற இரும்பு முள் எங்க? காணோமே."

"இளகின பனிக்கு முள் எதுக்கு? நாளைக்கு எனக்குச் சந்தை. பாலாடைக்கட்டிய ஏத்திக்கிட்டு நாலு மணிக்கே போயிடுவேன். நீ நல்லாத் தூங்கு."

மாடுகளின் பின்னால் மலையேறியே வளர்ந்தவள்; பனியைப் பற்றி அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அர்மான் சமர்த்தாகத் தூங்கினான்.

மறுநாள் எட்டு மணிக்கு ஓடத் தொடங்கினான். முழங்கால் மக்கர் பண்ணவில்லை. கணவாயின் உச்சியில் நின்று பார்த்தவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை!

கணுக்கால் புதையப் புதைய, சிரித்துக்கொண்டே இறங்கி ஓடினான்.

வாசலில் விடுதிக்காரன் ஜில்பேர் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"எழுதுடா என் பேரை! பன்னிரண்டாவது தடவை!"

"நீ ரெண்டாவதுப்பா."

"புளுகாத! பனியில ஒரு தடம்கூட இல்ல!"

"விடியக்காலைல பனி கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும், தடம் எங்க பதியும்? இரும்பு முள் குத்தின ஓட்டையும் வெயில் வந்தா மறைஞ்சிடும். இத்தனை வருஷம் ஓடுறே, உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆசையில் மறந்துபோயிருந்தது. அர்மானின் முகம் தொங்கிவிட்டது.

"எவன் அவன்?"

"எவன்னு யார் சொன்னா?"

ஜில்பேர் கதவைக் காட்டினான். அங்கே ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது அர்மானின் இரும்பு முள்.

உதடெல்லாம் புளூபெர்ரி நீலத்தோடு மார்த்தீன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வா, உனக்கும் ஒரு துண்டு வெச்சிருக்கேன். சந்தை எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டியா?"