சாய்வான மூடி

"இது மூணாவது லைட்டுங்க. இனிமே உங்க கடைச் சரக்கை நான் எப்படி நம்பறது?"

எரிந்துபோன விளக்கை நவீன்குமார் மேசைமேல் டொக்கென்று வைத்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்குத் தரக் கட்டுப்பாட்டு வேலை. வேலையை அங்கேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் கிடையாது. வீட்டில் எது கெட்டாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, காரணம் யார் என்று தாளில் எழுதினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். போன வருடம் மிக்ஸி புகைந்தபோது ஐந்தாவது ஏனுக்குக் கிடைத்த விடை: 'ஆப்பரேட்டர்'. அதாவது மனைவி சரிதா. அந்தத் தாள் இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

தேவமணி ஓசூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன். மீன் தொட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வயர் சேருமிடம் கருகியிருந்தது.

"உள்ள சூடு தங்குதுங்க சார். தண்ணி ஆவியாகி மேல வருது. வெளிய போக வழியில்லாம லைட்டு மேலயே படிஞ்சிடுது."

"வழியில்லையா? மேல வரிசையா ஓட்டை போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அதுதாங்க எனக்கும் புரியல."

"எனக்குப் புரிஞ்சிருச்சு. டேட்டா இருக்குது." நவீன்குமார் போனைத் தட்டினான். "மூணு லைட்டும் நான் நைட் ஷிப்ட் போன வாரத்துலதான் போயிருக்குது. ராத்திரியில வோல்டேஜ் ஏறுது. உங்க மட்டமான லைட்டு அதைத் தாங்கல. அவ்வளவுதான்."

சரிதா இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் பாருங்கண்ணா. என்ன காரணம்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

இந்தக் கேள்வியை அவள் கேட்பது இரண்டாவது முறை.

"இன்னும் இல்லைம்மா."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்றான் நவீன்குமார். சண்டை வேறு, சாப்பாடு வேறு என்பதில் அவன் நியாயஸ்தன். "நைட் முடிச்சு வந்து இந்த இட்லியைத் தின்னாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஆனா ஒண்ணு. நாளான்னிக்குள்ள இது சரியாகலைன்னா எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல உங்க கடைப் பேரோட போட்டுடுவேன்."

அந்த அடுக்குமாடியில் தொண்ணூற்றாறு வீடுகள். பதினொரு வீடுகளில் தேவமணி வைத்துக் கொடுத்த தொட்டிகள் இருக்கின்றன. இங்கே பெயர் கெட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவன் பாதி இட்லியிலேயே கையைத் துடைத்துக்கொண்டான். தட்டை நகர்த்திவிட்டு மூடியைத் திருப்பினான்.

மேல்பக்கம், ஓட்டைகளைச் சுற்றி, வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது சரிதா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க அது?" என்றான் நவீன்குமார்.

"போர் தண்ணி உப்புங்க சார்." ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். "தப்பு என்னோடதுதான். ஓட்டையை மேல வெச்சிருக்கக் கூடாது. அளவுக்கு இதை எடுத்துட்டுப் போய், வேற மூடி நானே செஞ்சு எடுத்துட்டு வர்றேன். காசு வேண்டாம்."

இவ்வளவு சுலபத்தில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்வான் என்று நவீன்குமார் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது ஏனிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சற்று ஏமாற்றத்தோடு தாளில் எழுதினான்: 'காரணம்: டிசைன் கோளாறு. பொறுப்பு: கடைக்காரர்.'

இரண்டு நாள் கழித்துப் பழைய மூடியோடு புது மூடியும் வந்தது. காற்று போகப் பக்கவாட்டில் ஓட்டைகள். ஆவியை வெளியே தள்ளக் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கும் சின்ன ஃபேன். தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு. மூடியின் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை போல இரண்டு பக்கமும் சரிந்திருந்தது.

"மேல எதுக்குங்க இவ்வளவு சாய்வு?"

"எதுவும் நிக்காது சார். தண்ணி பட்டாலும் வழிஞ்சிடும்."

விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். நவீன்குமார் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவினான். ஈரமில்லை. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்து நின்றன.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?" என்றவன் அப்போதே குரூப்பில் எழுத ஆரம்பித்தான். 'கடைக்காரர் தன் தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்தார். நம்பி வாங்கலாம்.'

தேவமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். செருப்பை மாட்டும்போது சரிதா பின்னாலேயே வந்தாள். கையில் பழைய மூடி.

"அண்ணா, இதை விட்டுட்டுப் போறீங்களே."

தேவமணி உள்ளே எட்டிப் பார்த்தான். நவீன்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது உங்களுக்குத்தாம்மா," என்றான் மெதுவாக. "உள்ள குண்டு பல்பு மாட்டியிருக்கேன், கதகதன்னு இருக்கும். இந்தக் குளிர்ல மாவு பொங்கணும்னா, ராத்திரி குண்டானை இதுமேலயே வெச்சுக்கங்க. மீன் தொட்டி மேல வேண்டாம். அன்னைக்கு நான் தொடச்சது உப்பு இல்லைம்மா."