வெளியாள் வேலை

“இது வெளிமாநிலத்து ஆளுங்க வேலைம்மா. வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியுது.”

டைல் மேஸ்திரி குளியலறைக்குள் இன்னும் கால்கூட வைக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டாள். “யார் போட்டாங்களோ, எனக்கென்ன தெரியும்? நான் இந்த வீட்டை வாங்கியே ரெண்டு வருஷம்தான் ஆகுது. கீழ்வீட்டுக்காரர் தினமும் காலையில வந்து மணி அடிக்கிறார். அவர் தலைக்கு மேல சொட்டுதாம்.”

“சொட்டாம என்ன செய்யும்? அவனுங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேகம் ஒண்ணுதான். ஒட்டிப்போட்டுட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடிடுவானுங்க.”

மேஸ்திரிக்கு ஐம்பத்தெட்டு வயது. முட்டி இரண்டும் தேய்ந்து, உட்காரும்போது ஒரு ‘அம்மாடி’, எழுந்திருக்கும்போது இரண்டு என்று ஆகிவிட்டது. நாலு மாதமாக உருப்படியான வேலை கிடையாது. ஒரு காலத்தில் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த கான்ட்ராக்டர்கள் இப்போது அவருடைய போனையே எடுப்பதில்லை. எல்லாருக்கும் வெளியிலிருந்து வந்தவர்களே போதுமாக இருந்தார்கள்.

இந்த வீட்டில் இன்னொரு குளியலறை, சமையலறை, கூடம் என்று மொத்தத் தரையையும் மாற்றும் யோசனை இருந்தது. வேலை கிடைத்தால் இரண்டு மாதத்துக்குப் பிழைப்பு ஓடும். கிடைக்காவிட்டால் மறுபடி முச்சந்தி டீக்கடை பெஞ்சுதான்.

“இவரு யாரு?” வீட்டுக்காரம்மா கண்ணால் காட்டினாள். மேஸ்திரிக்குப் பின்னால் சாக்கும் கூடையுமாக ஒருவன் நின்றிருந்தான். நாற்பது வயது இருக்கும்.

“என் சித்தாள் இன்னைக்கு வரலம்மா. முச்சந்தியில நின்ன வெளிமாநிலத்துக் கூட்டத்துல கைக்கு வந்தவனை இழுத்துட்டு வந்தேன். இடிச்சதை அள்ளிக் கொட்டத்தானே, யாரா இருந்தா என்ன?”

“நாம பேசறது அவருக்குப் புரியுமா?”

“எங்கம்மா புரியும்! முந்தாநாள்தான் ரயில்லேர்ந்து இறங்கியிருப்பான். கையைக் காட்டினாத்தான் வேலையே நடக்குது.”

அவன் சாக்கையும் கூடையையும் கீழே வைத்தான். மக்கில் தண்ணீர் பிடித்து, புழுதி பறக்காமல் இருக்கத் தரையில் தெளித்தான்.

மேஸ்திரி ஒரு ‘அம்மாடி’யுடன் உட்கார்ந்தார். சுவர் ஓரம் வாஷ்பேசினுக்குக் கீழே நேராகப் போய் உளியை வைத்தார். இரண்டே டைல்தான் பெயர்த்தார், ஈரம் கசிந்துகொண்டிருந்த குழாய் இணைப்பு கண்ணெதிரே கிடந்தது.

வீட்டுக்காரம்மா அசந்துபோனாள். “முன்னாடி வந்து பார்த்தவர் அஞ்சு இடத்துல உடைச்சுத்தான் தேடணும்னாரே! நீங்க எப்படிக் கரெக்டா கண்டுபிடிச்சீங்க?”

“முப்பது வருஷ சர்வீஸும்மா.” மேஸ்திரி உளியால் சுரண்டிக் காட்டினார். “இங்க பாருங்க. தண்ணி இறங்காம இருக்க ஒரு பூச்சு பூசணும், அது இல்ல. வாட்டமும் தப்பு, தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம சுவர்ப் பக்கம் போகுது. எப்படா முடிப்போம்னு மூடிட்டுப் போயிருக்கான். மனசாட்சி உள்ளவன் செய்யற வேலையா இது?”

“நம்ம ஆளுங்கன்னா இப்படிச் செய்வாங்களா?”

“செத்தாலும் செய்ய மாட்டாங்கம்மா.”

நாள் முழுக்க இதே பாட்டுத்தான். சுத்தியல் ஓய்ந்தால் மேஸ்திரியின் வாய் ஆரம்பிக்கும், வாய் ஓய்ந்தால் சுத்தியல். வந்தவர்களால் வாடகை ஏறியது, கூலி இறங்கியது, பேருந்தில் இடம் போயிற்று. வீட்டுக்காரம்மா தன் ஆபீஸ் கதைகளையும் சேர்த்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் அவன் குனிந்து குனிந்து அள்ளி, மூட்டை மூட்டையாகப் படியிறங்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மாவே வாயைத் திறந்தாள். “மொத்த வேலையையும் நீங்களே எடுத்துச் செய்ங்க, மேஸ்திரி. ஆனா ஒண்ணு. நாளையிலேர்ந்து நம்ம ஆளுங்க மட்டும்தான் வரணும். திரும்பவும் இதே வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பு இல்ல.”

“அதை நீங்க சொல்லணுமாம்மா?”

நல்ல சேதியைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்ல அவள் இறங்கிப் போனாள். மேஸ்திரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். நாலு மாத பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் ஏனோ முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவருடைய சுத்தியலையும் உளியையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தான் அவன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ள முடியுமா?

“நாளைக்கு... நீ...” மேஸ்திரி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். “வேணாம். வேற ஆள். புரியுதா?”

அவன் தலையாட்டினான். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு குரலை உயர்த்தாமல், ஒரு சொல் பிசகாமல், மேஸ்திரி பேசுகிற அதே தமிழில் சொன்னான்.

“பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க இந்தத் தரையைப் போட்டப்பவும், உங்களுக்குக் கலவை போட்டுக் கொடுத்தது நான்தான், மேஸ்திரி.”