நாற்பத்தொன்றாவது செல்

சோதனை அறையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தொட்டிகளிலிருந்தும் திரவம் பேட்டரிக்குள் போய்த் திரும்பியது. ஏற்றிய மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது திரும்பி வரவேண்டும். வராவிட்டால் இன்றோடு திட்டத்துக்கு மூடுவிழா.

எண்பத்தேழு வந்தது.

"சபாஷ்! அதுலயும் அந்தக் கடைசி செல் சிங்கம் மாதிரி நிக்குதும்மா!" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

பொறியாளர் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். நாற்பது செல்களுக்கும் கார்பன் துணி வெட்டி, உலையில் சுட்டு எடுத்தது அவள்தான்.

"அக்கா," ஃபிட்டர் திரையைக் காட்டினான். "நாப்பத்தொண்ணு செல் காட்டுது."

"எண்ணாம மாட்டிட்டியா?"

"எண்ணித்தான்க்கா மாட்டினேன். நாப்பதுதான். கூப்பிடாமலே ஒண்ணு வந்து உக்காந்திருக்கு."

பம்பை நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றி எண்ணினார்கள். நாற்பத்தொன்று இருந்தது.

கடைசி செல்லின் துணியில் ஒரு மூலை குறைந்திருந்தது. அவள் முதன்முதலில் தப்பாக வெட்டிய துணி. வெள்ளை மார்க்கரால் 'வேஸ்ட்' என்று எழுதி, உலையின் சூட்டைப் பார்க்க அன்றே உள்ளே போட்டிருந்தாள். அது சாம்பலாகிவிட்டது. அந்தச் சாம்பலைக் கூட்டி அள்ளியதும் அவள்தான்.

"இதுதான்க்கா அந்தச் சிங்கம்," என்றான் ஃபிட்டர், குரல் இறங்கி.

பயத்தையும் மீறி அவளுக்குப் பெருமையாக இருந்தது. 'வேஸ்ட்' அவள் எழுத்தேதான். அதன் குறுக்கே யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள். கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை மை ஒட்டிக்கொண்டது.