வலப்பக்கம்

பிற்பகலிலேயே மலையின் நிழல் அந்தோரா பனிச்சறுக்கு விடுதியின் வேலையாட்கள் அறைக்குள் இறங்கிவிடுகிறது. ஹீட்டரின் மேல் ஈரக் கையுறைகள் ஆவி விடுகின்றன. அர்ஜென்டினாவிலிருந்து காலையில் வந்திறங்கிய மைரா, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சுரைக்குடுவையில் தேயிலை போன்ற மாத்தே இலையைக் கொட்டி, உறிஞ்சும் குழலைச் செருகி வெந்நீர் ஊற்றுகிறாள். ஊற்றுகிறவளே முதலில் குடிக்கும் வழக்கப்படி உறிஞ்சி முடித்து, மறுபடி நிரப்பி அறைத்தோழி இல்டாவிடம் நீட்டுகிறாள். போர்ச்சுகல்காரி இல்டா குழலைத் துடைக்கப் போகிறாள். "துடைக்காதடி! எங்க ஊர்ல அதுக்கு வெட்டுக்குத்தே நடக்கும்." "உன் எச்சில உன் புருஷன் குடிப்பான், நான் குடிப்பேனா?" குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிரித்தபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள் இல்டா. மைராவும் சிரிக்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. அந்தக் குடுவையில் இருந்ததையும் தானே குடித்துவிட்டு, அடுத்ததை நிரப்புகிறாள். கை தானாக வலப்பக்கம் நீள்கிறது. எப்போதும் வலப்பக்கம் உட்காரும் கணவன் ரூபன் செத்த பிறகு வீட்டிலும் இந்தக் கை இப்படித்தான் நீண்டுகொண்டிருந்தது. அதற்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் ஓடிவந்தாள்.